காதில் வைத்த விரல்

அண்ணி,

நேற்று கொட்டகலை பஜாரில் உங்களைப் பார்த்தேன். மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை, புளித்த மாவின் வாடை வந்துகொண்டிருந்தது. அந்த வாடைக்குத்தான் திரும்பினேன். திரும்பினால் நீங்கள்.

உங்களோடு அந்தப் பிரசங்கியாரும் இருந்தார். வெள்ளைக் கோட்டு, இறுக மூடிய கண்கள். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களும் உங்கள் இரண்டு காதுகளுக்குள் இருந்தன. உங்கள் வாய் திறந்திருந்தது. கீழே சிவப்பு எழுத்தில், செவிடர் கேட்கிறார்கள் என்று போட்டு, அற்புதக் கூட்டம் நடக்கும் இடத்தையும் அச்சடித்திருந்தார்கள். நீங்கள் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்னும் உங்கள் காதிலிருந்து அந்த ஆள் விரலை எடுக்கவில்லை.

கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கிழித்தேன். ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்தது. அடுத்த சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தவர் பசை வாளியோடு ஓடிவந்தார். ஏனக்கா கிழிக்கிறீங்க, இது ஊழியம் என்றார். இந்தப் படத்தில் இருப்பது யாரென்று தெரியுமா என்று கேட்டேன். சுகமான சகோதரி என்றார்.

"எங்க வீட்டுக்காரரோட அக்கா. இறந்துட்டாங்க. கடைசி வரைக்கும் அவங்களுக்குக் காது கேக்கல."

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, அதனால் என்ன, இதைப் பார்த்து நாலு பேருக்கு நம்பிக்கை வந்தால் நல்லதுதானே என்றார். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. நல்ல மனிதராகத்தான் இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவர் சுவர் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது அவருடைய நகங்களுக்குள் பசை இருந்தது. கிழித்ததையெல்லாம் திரும்ப ஒட்டுவார்கள், அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்களை அந்த மேடைக்குக் கூட்டிப்போன அதே மனிதர்தான் நேற்று அந்தச் சுவர்களைச் சுரண்டிவிட்டு வந்தார். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கையால் சொல்வதென்றால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பார்க்க நீங்கள் இல்லாததால் எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதும் எனக்கு மறந்துவிடவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து கல்யாணமாகி உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த புதிதில் உங்களைக் கண்டு எனக்குப் பயம். தோட்டத்தில் எல்லாரும் உங்களை ஊமச்சி என்றார்கள். அதில் கேலி இருப்பதாகக்கூட அவர்கள் நினைக்கவில்லை, பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளே உங்கள் அம்மா, என் மாமி மட்டும் உங்களோடு கைகளால் பேசிக்கொண்டே இருப்பார். சோறு, மழை, கொழுந்து, சம்பளம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் கைகளில் வந்து போகும். நான் அடுப்படி வாசலில் நின்று, என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

நான் வேதக் குடும்பத்துப் பெண் இல்லை. அம்மன் கோவில் திருவிழாவில் வளர்ந்தவள். எனக்கு பைபிளை யாரும் படித்துக் காட்டவில்லை. அது உங்கள் கைகளில்தான் எனக்கு அறிமுகமானது. நான் பிள்ளை உண்டாகியிருந்த சமயம், மலை ஏற முடியாமல் பாதி வழியில் நின்றபோது பின்னாலிருந்து வந்து என் இரண்டு முழங்கைகளையும் தாங்கிப் பிடித்தீர்களே, நினைவிருக்கிறதா? தாங்கிப் பிடித்தபடி சிரித்தீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமி சொன்னார். மோசே மலைமேல் கைகளை உயர்த்தி நின்றாராம். கை உயர்ந்திருக்கும்வரை கீழே சண்டையில் தம் சனங்களுக்கு வெற்றி, கை தளர்ந்தால் தோல்வி. கை கனத்துப்போனதும் ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்களாம். அன்றிலிருந்து நம் வீட்டில், உதவிக்கு வா என்பதற்கு அதுதான் சைகை.

இயேசுவுக்கு உள்ளங்கையின் நடுவில் ஒரு விரல். இயேசுவைச் சாகக் கொடுத்துவிட்டு, பழி தனக்கில்லை என்ற பிலாத்துவுக்குக் கை கழுவுவது. அந்தப் பிலாத்துவை நீங்கள் சும்மா விடவில்லை. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று நாம் எல்லாரும் தோட்டத்து ஆபீசுக்குப் போய் நின்றோமே, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வெளியே வந்து நீளமாகப் பேசினார். அவர் சொல்வதை நான் உங்களுக்குச் சொல்லத் தொடங்குமுன்பே, அவருடைய முகத்தைப் பார்த்து நீங்கள் கை கழுவிக் காட்டினீர்கள். பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டோம். அவர் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டார். கூரை அந்த வருடமும் ஒழுகியது.

மாமி இறந்துபோனபிறகு வேதக்கோவிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தைக் கையால் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முன்வரிசையில் போதகருக்கு நேராக உட்கார்ந்துகொள்வோம். அவர் சொல்லச் சொல்ல நான் உங்கள் பக்கம் திருப்புவேன். விசுவாசம் என்ற வார்த்தைக்கு என்ன செய்வது என்று முதலில் திகைத்தேன். மாமி அதற்கு ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டை இறுகப் பிடித்துக் காட்டுவார் என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். மழையில் வழுக்குகிற பாதையில் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைப் பிடிப்பதுபோல. இதைவிடத் தெளிவாக அந்த வார்த்தையை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

விபசாரத்தில் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணை இழுத்துவந்து நிறுத்தும் கதை உங்களுக்குப் பிடித்த கதை. இயேசு குனிந்து விரலால் தரையில் எழுதிக்கொண்டிருந்தார் என்று போதகர் சொன்னார், என்ன எழுதினார் என்பது தெரியாது என்றும் சொன்னார். கோவில் முடிந்து நடக்கும்போது நீங்கள் என்னை நிறுத்தி, எழுதியது முக்கியம் இல்லை என்றீர்கள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து விரலை ஓட்டியதும் எல்லாருடைய கண்ணும் அந்த விரலுக்குப் போயிருக்கும். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பிறந்ததிலிருந்து ஊரே உங்களை முறைத்துப் பார்த்திருக்கிறது. அதனால்தான் அது உங்களுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிரசங்கியார் கொட்டகலை மைதானத்துக்கு வருகிறார் என்றதும் உங்கள் தம்பிதான் பிடிவாதமாக நின்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவ அக்கா என் குரலக் கேக்கணும்" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். எனக்கு என்ன குறை என்று கேட்டீர்கள். அவர் கெஞ்சியதால் வந்தீர்கள். கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

மேடையில் நானும் ஏறினேன், என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஆள் வேண்டுமே. பிரசங்கியார் உங்கள் பெயரைக் கேட்டார். அதை நான் உங்களுக்குக் கையால் சொல்லத் தொடங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளினார். மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கையை ஆட்டாதீங்க சகோதரி. நீங்க கை காட்டக் காட்டத்தான் அந்த ஊமை ஆவி உள்ள உக்காந்திருக்கு."

மாமி உங்களுக்குப் பாலூட்டியபோதே தொடங்கிய பேச்சை, மோசேயையும் மழையையும் கூரையையும் சொன்ன பேச்சை, அந்த ஆள் பேய் என்றார். சனங்கள் ஆமென் என்றார்கள். அடுத்ததை நான் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே அவருடைய விரல்கள் உங்கள் காதுக்குள் போயின. நகம் வைத்த விரல்கள். அவர் மைக்கில் கத்தினார், அழுத்தினார். உங்களுக்கு வலித்தது. வலியில் நீங்கள் ஒரு சத்தம் போட்டீர்கள். வீட்டுக்குள்ளே எங்கள் முன்னால்கூடப் போட வெட்கப்படும் சத்தம் அது. பேசிவிட்டார், பேசிவிட்டார் என்று மைதானம் முழுவதும் கைதட்டியது. அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க் கை தட்டினார். நீங்கள் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். நீங்கள் என்னைப் பார்த்து, போகலாமா என்று கண்ணால் கேட்டீர்கள். அவருடைய முகம் மாறியது. யாரோ ஏற்கெனவே அவருக்கு என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, இந்த வீட்டுக்குள்ளே இன்னும் விக்கிரகம் இருக்கிறது, அதுதான் அற்புதத்தைத் தடுக்கிறது என்றார்.

அம்மனைக் கும்பிட்டு வளர்ந்ததை நான் எந்தக் காலத்திலும் மறைத்தவள் இல்லை. அவர் சொன்ன வார்த்தை உங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் நீட்டிய விரலைப் புரிந்துகொள்ள யாருக்கும் காது வேண்டியதில்லை. நீங்கள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றீர்கள். நிதானமாக அவருடைய விரலைப் பிடித்தீர்கள். அதை மடக்கி அவருடைய உள்ளங்கைக்குள்ளேயே வைத்து மூடிவிட்டீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினீர்கள். அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை. சுவரொட்டியில் போட வேண்டியது அதுதான்.

பின்னொரு நாளில், விரல் நீட்டுவதை உங்கள் நடுவிலிருந்து அகற்றுங்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். நுகத்தடியையும் விரல் நீட்டுவதையும் அவர் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

பிரசங்கியாரின் ஆட்கள் உங்கள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கட்டளை கொடுத்தார்கள். இனி வீட்டில் சைகையே கூடாது, அக்காவின் காதுக்குப் பக்கத்தில் போய் வாயால் மட்டும் பேச வேண்டும், அப்போதுதான் விசுவாசம் வளரும். அவர் அதை நம்பினார். உங்கள் காதோரம் நின்று அக்கா, அக்கா என்று கத்துவார். நீங்கள் கையால் ஏதாவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நான் நிறுத்தமாட்டேன் என்று அவருக்கு நேராகவே சொல்லிவிட்டேன். வீட்டில் சண்டை. கோவிலிலும், அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் அதிகம் என்பதால், கொஞ்ச நாளைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கை காட்ட வேண்டாம் என்று போதகர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்றுதான் சொன்னார்கள். நாம் கடைசி வரிசைக்குப் போனோம்.

அக்கா சாப்பிட்டாங்களா என்று உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து என்னிடம் கேட்பார் உங்கள் தம்பி. நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு மனுஷியின் வாயைப் பொத்தி வைத்தால் ஊர் கேள்வி கேட்கும். உங்கள் கண்ணுக்கு முன்னாலிருந்து பேச்சை எடுத்துப்போனதை யாரும் கேட்கவில்லை. ஜெபம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

காதில் விரல் வைக்கும் அந்தக் கதை எங்கே இருக்கிறது என்று நானே தேடினேன். மாற்கு எழுதியதில் இருந்தது. படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் சொல்லி முடியாது. இயேசு அந்த மனிதனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போகிறார். தனியே. அதற்குப் பிறகுதான் காதில் விரல் வைக்கிறார், நாக்கைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். மேடை இல்லை. கைதட்ட ஆள் இல்லை. நடந்ததை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வேறு சொல்லி அனுப்புகிறார். இவர்கள் சுவரில் ஒட்டுகிறார்கள்.

மறுநாள் மலையில் சாப்பாட்டு நேரத்தில் அதை உங்களுக்குச் சொன்னேன். கூட்டத்தை விட்டு அழைத்துப்போனார் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னீர்கள். பிறகு கொழுந்துக் கறை பிடித்த விரல்களை உங்கள் காதில் வைத்துப் பார்த்தீர்கள், நாக்கைத் தொட்டீர்கள், மேலே பார்த்தீர்கள். உங்கள் முகம் மெல்ல மலர்ந்தது.

அது மருந்து இல்லை, பேச்சு என்றீர்கள். காது கேட்காதவனிடம் வேறு எப்படிப் பேசுவது? உன் காது, உன் நாக்கு, மேலே இருப்பவர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் நம் பாஷையில் பேசியிருக்கிறார் என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில், நீங்கள் எழுந்தீர்கள். ஆண்கள் பக்கம் போய் உங்கள் தம்பியின் கையைப் பிடித்தீர்கள். அவர் தயங்கினார். எல்லாரும் பார்க்க, அவரை நடுப்பாதை வழியாக வெளியே கூட்டிப்போனீர்கள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முற்றத்து மரத்தடியில் அவரை நிறுத்தினீர்கள். உங்கள் விரல்களை மெதுவாக, நகம் படாமல், அவருடைய காதுகளில் வைத்தீர்கள். காது அடைத்துப்போனது யாருக்கு என்று அதைவிடத் தெளிவாக யாரால் கேட்க முடியும்? பிறகு நாக்கைத் தொடவில்லை. அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து, முன்னால் கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டீர்கள்.

அவர் விம்மினார். அழுதபடியே தன் இடுப்பைத் தட்டினார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் அவரை இடுப்பில் சுமந்து திரிந்ததால், அக்கா என்பதற்கு அவர் வைத்த சைகை அது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் உங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் உள்ளே வந்தபோது அவர் கைகளால் பேசிக்கொண்டே வந்தார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. நேராக முன்வரிசைக்குக் கூட்டிவந்தார். போதகர் தடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த இடம் மறுபடி நம்முடையதானது, அவ்வளவுதான். பிரசங்கியாரின் ஆட்களிடம் உங்கள் தம்பி போய்க் கேட்டபோது, வந்த அற்புதத்தை நீங்களே சந்தேகத்தால் இழந்துவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படி இழந்துபோன அற்புதத்தைத்தான் இப்போது அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களில் நான் பக்கத்திலேயே இருந்தேன். உங்கள் கை சொன்னதை நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தாதியிடம் சொன்னேன். அந்தப் பெண் இரண்டாம் நாளே உங்கள் முன்னால் வந்து நின்று, வலி எங்கே என்று தானாகவே கையால் கேட்டாள். அவளை யாரும் ஊழியக்காரி என்று சொல்லமாட்டார்கள். ஒரு காலை நேரத்தில் நீங்கள் போனீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள்.

அடக்க ஆராதனையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் உங்களுக்குக் கையால் சொன்னேன். செத்தவளுக்கு ஏன் கை காட்டுகிறாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாட்டை அவர்கள் மட்டும் யாருக்குப் பாடினார்களாம்? போதகர் பேசிக்கொண்டு வந்தார். நல்லதாகத்தான் பேசினார். கடைசியில், இனி இந்தச் சகோதரியின் காது திறந்திருக்கும், நாவு பாடிக்கொண்டிருக்கும், குறை எல்லாம் நீங்கிவிட்டது என்றார். சனங்கள் தலையாட்டினார்கள். என் கை நின்றுவிட்டது. அதை மட்டும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

நான் நிறுத்தியதை உங்கள் தம்பி கவனித்தார். பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, போதகர் சொன்னதை விட்டுவிட்டு, அவர் தன் கையால் தொடர்ந்தார். மழை விட்டிருக்கிறது, பாதை காய்ந்திருக்கிறது, பயப்படாமல் போய் வாருங்கள் என்று சொன்னார்.

எல்லாம் முடிந்தபிறகு போதகரிடம் போனேன்.

"ஐயா, போன இடத்துலயாவது அவங்கள அவங்களா இருக்க விடுங்க," என்றேன்.

நல்ல எண்ணத்தில்தானே சொன்னேன் என்றார் அவர். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், அண்ணி. காதுக்குள் விரலை விட்டவரும் அப்படித்தான் சொல்லுவார்.

பிள்ளை படிக்க வெளியூர் போனபிறகு, இப்போது இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நன்றாகக் காது கேட்கும். ஆனாலும் முக்கியமானதை எல்லாம் கையால்தான் பேசிக்கொள்கிறோம். வாயால் சண்டை போட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதியபடியே போடலாம். கையால் போட வேண்டுமென்றால் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

இன்று காலை அவர் என் எதிரே உட்கார்ந்து, இன்னும் கோபமா என்று கேட்டார். நெஞ்சிலிருந்து விரல்கள் கொதித்து எழும்பும் உங்கள் சைகையில் கேட்டார். ஆமாம் என்றேன். தனக்கும்தான் என்றார். கோபம் தணிந்துவிட்டது என்பதற்கு நீங்கள் என்ன சைகை வைத்திருந்தீர்கள் என்று இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம். அப்படி ஒன்றை நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை.